ரெண்டு தொட்டியில் நாட்டு ரகம் பிழைக்காது

போன வாரம் ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதியிருந்தார். நான் விதை பகிர்வதை ரொம்ப நாளாகப் பார்த்து வருகிறாராம். “அண்ணா, நாட்டுச் சுரை, நாட்டுக் கத்தரி மாதிரி நாட்டுக் கஞ்சாவும் ஒரு விதைதானே? அதுவும் அழிஞ்சுகிட்டுத்தானே வருது? மலைப்பக்கம் யார்கிட்டயாவது இருந்தா வாங்கிக் கொடுங்க. மாடியில ரெண்டு தொட்டியில வளர்த்து விதை எடுத்து வைக்கிறேன். குடிக்கிறதுக்கு இல்ல.”

பிளாக் பண்ணிவிட்டுப் போங்கள் என்றார்கள் நண்பர்கள். எனக்கு மனசு வரவில்லை. அவர் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. அந்த விதை என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் என் கதை. எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். ஆயா வைத்திருந்தது குடுக்கைச் சுரை. அடி பருத்து, கழுத்து சிறுத்து, மேலே மறுபடி கொஞ்சம் புடைத்திருக்கும். பிஞ்சில் பறித்தால் குழம்புக்கு. விதைக்கென்று நிறுத்திய காய் கொடியிலேயே முற்றிக் காய்ந்து, தட்டினால் மரம் மாதிரி சத்தம் வரும். அந்தக் குடுக்கைக்குள்ளேயே விதையைச் சாம்பல் கலந்து போட்டு, வாயைச் சாணியும் செம்மண்ணும் குழைத்து அடைத்து, அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிடுவார். புகை பட்டுக்கொண்டே இருக்கும், பூச்சி நெருங்காது.

ஆயா போனபிறகு நான் போட்டேன். முதல் வருடம் அதே காய். அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்தில் நீளச் சுரை ஹைபிரிட் ஏற்றியிருந்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. என் கொடியில் என் காய்தானே காய்த்தது, அதிலிருந்துதான் விதை எடுத்தேன். அடுத்த வருடம் பந்தலைப் பார்த்தால் கழுத்தே இல்லாத காய்கள். ஒன்று உருளை, ஒன்று வளைந்த தடி. ஒன்றுகூட ஆயாவின் காய் இல்லை. விதையை மொத்தமாக ஊன்றியிருந்ததால் கையில் மிச்சமும் இல்லை. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். இத்தனை தலைமுறை கைமாறி வந்ததை நான் ஒரே பட்டத்தில் தொலைத்துவிட்டேன்.

அப்புறம் அஞ்செட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தை வீட்டில் ஒரு பழைய குடுக்கை கிடைத்தது. குலுக்கினால் சத்தம் வந்தது. உள்ளே 11 விதை. முளைத்தது 7. அதிலிருந்துதான் இன்றைக்கு நான் உங்களுக்கெல்லாம் அனுப்புகிற சுரை. அன்றிலிருந்து பூ பூக்கும் மாதத்தில் சாயங்காலம் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. சுரைப்பூ பொழுது சாயும்போது மலர்வது. மலரப்போகிற மொட்டைப் பகலிலேயே பார்த்து, ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் வாய்கட்டி வைக்கணும். பெண்மொட்டு எது என்று குழப்பமே இருக்காது, கீழே சுண்டுவிரல் அளவு குட்டிக்காய் இருக்கும். இருட்டுவதற்குள் கட்டை அவிழ்த்து, ஆண்பூவின் இதழை உரித்துவிட்டு மகரந்தத்தை நம் கையாலேயே தடவி, பெண்பூவை மறுபடி கட்டிவிடணும். வண்டு வந்தாலும் பட்டாம்பூச்சி வந்தாலும் உள்ளே போகமுடியாது.

இந்தப் பாடு ராகிக்கு வேண்டியதில்லை. ராகி பெரும்பாலும் தன் பூவிலேயே தான் சூல்கொள்கிற பயிர், பக்கத்து வயலில் எது இருந்தாலும் கிட்டத்தட்ட அதே ராகியாகவே நிற்கும். அவரையும் ஓரளவு அப்படித்தான். கம்பு நேர் எதிர், காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே கலக்கும். நாட்டு விதை காக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இந்த வித்தியாசத்தைப் படிக்கணும்.

இப்போது தம்பியின் செடிக்கு வருகிறேன். கஞ்சாவில் பொதுவாக ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ரெண்டு தொட்டி வைத்தால் ரெண்டும் ஆணாகவே போகலாம், ரெண்டும் பெண்ணாகவே போகலாம். ஜோடி அமைந்தால்கூட ஒரே தாய்க்குப் பிறந்த ரெண்டு பிள்ளைகளை வைத்து வம்சம் வளர்க்கிற கதை. நாலைந்து தலைமுறைக்குள் வீரியம் போய்விடும். நாட்டு ரகம் என்பது ஒரு கூட்டம். அதில் உயரமானது இருக்கும், குட்டை இருக்கும், முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது எல்லாம் இருக்கும். மழை தவறிய வருடம் ஒன்று கைகொடுக்கும், பூச்சி வந்த வருடம் இன்னொன்று. அந்தக் கூட்டத்திலிருந்து ரெண்டைப் பிரித்து மாடியில் வைத்தால் பெயர்தான் மிஞ்சும். போதைக்காக வளர்க்கிறவர்கள் செய்வது அதைவிட மோசம். ஆண் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஆண் இல்லாவிட்டால் விதை எங்கே?

அடுத்தது மண்ணும் பொழுதும். எங்கள் பக்கம் ஆடியில் ராகிக்கு நடுவே சால் விட்டு ஊன்றுகிற பழைய அவரை, பொழுது சுருங்கின பிறகுதான் பூக்கும். மார்கழிப் பனி விழுந்தால் காயின் தோலில் எண்ணெய் மாதிரி ஒரு பசை ஏறி மணக்கும். பறித்துவிட்டுக் கையைக் கழுவினாலும் அந்த மணம் போகாது. ஹெப்பால் அவரை மாதிரி எல்லாப் பட்டத்திலும் காய்க்கிற ரகங்கள் வந்துவிட்டன. விவசாயிக்கு அதில் வருமானம் இருக்கிறது, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பனிக்காலத்து அவரையின் மணம் அந்தப் பனிக்கும் அந்த மண்ணுக்கும் சொந்தம். கஞ்சாவும் அப்படிப் பொழுது பார்த்துப் பூக்கிற செடிதான். உத்தராகண்டின் குமாவுன் மலையில் பழகியது வேறு, இடுக்கி மலையில் பழகியது வேறு. குமாவுனில் அதன் விதையை வறுத்துச் சட்னி அரைக்கிறார்கள், தண்டிலிருந்து நார் எடுக்கிறார்கள். நம்மூரில் புளிச்சையில் கீரையும் பறித்து நாரும் உரிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். (புளிச்சையின் தாவரவியல் பெயரிலேயே ‘கன்னாபினஸ்’ இருக்கிறது. விரல் விரித்த மாதிரி இருக்கும் அதன் இலையைப் பார்த்தால் காரணம் புரியும்.)

மொராக்கோவின் ரிஃப் மலையில் நடந்ததைப் படித்தபோது எனக்கு தர்மபுரி ஞாபகம்தான் வந்தது. அங்கே ‘பெல்தியா’ என்று ஒரு நாட்டுக் கஞ்சா, மானாவாரியில் வருவது, தண்ணீர் அதிகம் கேட்காது. அப்புறம் வெளியிலிருந்து ஹைபிரிட் வந்தது. மகசூல் பெரிது, வீரியம் பெரிது, ஆனால் கோடையில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது. கிணறு தோண்டினார்கள், ஊற்று வற்றியது. பெல்தியா பின்னுக்குப் போனது. நம் பக்கம் சாமையும் கொள்ளும் போட்ட நிலத்தில் என்ன நடந்ததோ, கிட்டத்தட்ட அதே கதை. 2021-இல் அந்த நாடு மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் மட்டும் பயிரிடச் சட்டம் கொண்டுவந்தது. ஆக, தம்பி சொன்ன அழிவு உண்மைதான்.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளைகள் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. இதை மட்டும் யூடியூபில் கேட்டுவிட்டு, விதை சட்டப்படி சரி, அப்போ செடியும் சரி என்று நினைக்கிறார்கள். செடி வளர்ப்பது 8-ஆம் பிரிவின்படி குற்றம். 20-ஆம் பிரிவில் அதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். கையில் வைத்திருந்தால் எத்தனை கிலோ என்று அளவு பார்த்துத் தண்டனை மாறும். வளர்த்தால் அந்தக் கணக்கே கிடையாது. ஒரு தொட்டி என்றாலும் அதே பிரிவுதான். விதைமேல் பாசம் இருந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லமுடியாது.

அதே சட்டத்திலேயே ஒரு வாசலும் இருக்கிறது. நாருக்கும் விதைக்கும் தோட்டக்கலைக்கும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்கிறது 14-ஆம் பிரிவு. மருத்துவம், ஆராய்ச்சி ரெண்டுக்கும் 8-ஆம் பிரிவே தடையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. 2018-இல் உத்தராகண்ட் உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையை உணவாகவே ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். எனக்கு அதில் உறுத்துவது ஒன்றுதான். உரிமத்துக்கு வைத்த வரம்பு, போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்கணும் என்பது. மலையில் வழிவழியாக நிற்கிற நாட்டுச் செடிகள் பல அதைத் தாண்டிவிடும். அப்போ உரிமம் வாங்கினவர் வெளி விதையைத் தேடணும். வெளி விதை வயலுக்கு வந்தால் காற்று சும்மா இருக்குமா? என் சுரைப்பந்தலில் நடந்ததுதான் அங்கே மலை முழுக்க நடக்கும்.

அதனால் நான் கேட்பது இது. இந்தச் செடி வழிவழியாக இருக்கிற மலைகளில், வேளாண் பல்கலைக்கழகங்களும் தேசியத் தாவர மரபு வளப் பணியகமும் அனுமதியோடு இறங்கி, நூற்றுக்கணக்கான செடிகளிலிருந்து விதை சேர்க்கட்டும். மரபணு வங்கியில் ஒரு பங்கு போகட்டும், இன்னொரு பங்கு அந்த மண்ணிலேயே வேலிபோட்டு, கணக்கு வைத்து வளரட்டும். 2002-ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும், அந்த ஊரின் செடிகொடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் எழுதிவைக்கிற மக்கள் பன்மைப் பதிவேடு இருக்கணும். அதில் அந்த ஊர் ஜனங்களின் பெயரில் ஏறட்டும், நாளைக்கு ஒரு கம்பெனி வந்து தன்னுடையது என்று சொல்லாமல் இருக்க. பிள்ளைகள் போதையில் விழுவதற்கு நான் முழு எதிரி. எங்கள் தெருவிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக ஒரு செடியின் வம்சமே போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் பக்கத்துக்கு வந்தால், கைக்கு எட்டுகிற தூரத்தில் வேலை கிடக்கிறது. பையூர் ஆராய்ச்சி நிலையம் கொள்ளிலும் சாமையிலும் ரகங்கள் கொடுத்திருக்கிறது. கொல்லிமலையில் சாமைக்கே சடஞ்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று தனித்தனிப் பெயர் இருக்கிறது. நம் சித்தேரியிலும் வத்தல்மலையிலும் கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர்கள் எத்தனை பேர்? 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், பிராண்டு போடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இதற்கு எந்த போலீசும் கதவைத் தட்டாது.

தம்பிக்கு நேற்று ஒரு கவர் அனுப்பினேன். பனி அவரை ஒரு கைப்பிடி, குடுக்கைச் சுரை 9 விதை. ரெண்டு தொட்டி போதாது, வீட்டுக்காரரிடம் கேட்டு மண்ணில் ஊன்றுங்கள், ஆடி பதினெட்டுக்குள் போட்டுவிடுங்கள், 9-ஐயும் ஒரே வருடம் போட்டுவிடாதீர்கள், 4 மிச்சம் வையுங்கள் என்று எழுதினேன். கவருக்குள் ஒரு சின்ன நூல்கண்டும் வைத்திருக்கிறேன். சிவப்பு நூல். பச்சை நூலில் கட்டினால் பொழுது சாய்ந்த வெளிச்சத்தில் எந்தப் பூவைக் கட்டினோம் என்று தெரியாது.