தென் கொரியாவின் 5 சதவீதம் அரசுப் பணம் அல்ல

தென் கொரிய அரசு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறது, இந்திய அரசு 0.64 சதவீதம்தான் ஒதுக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்கள் சரி. ஆனால் இரண்டுமே அரசு ஒதுக்கீடு அல்ல. அரசு, தனியார், பல்கலைக்கழகம் எல்லாம் சேர்த்து நாடு முழுக்கச் செலவாகும் தொகை. கொரியாவில் அதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சாம்சங் போன்ற நிறுவனங்களின் பணம். இந்தியாவில் தலைகீழ்: 2020-21 கணக்கில் தனியார் பங்கு சுமார் 36 சதவீதம்தான். இந்திய அரசு கூடுதலாகத் தர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்திய நிறுவனங்கள் ஏன் ஆராய்ச்சியில் பணம் போடுவதில்லை என்ற கேள்வியையே இந்த ஒப்பீடு மறைத்துவிடுகிறது. என் கவலை அதுதான்.