உயரம் வேறு, முதுகின் நீளம் வேறு

"கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு மலையிறங்க உங்கள் உயரத்துக்கு ஏற்ற லேசான முதுகுப்பை போதும், அதன் இடுப்புப் பட்டை வீண் சுமை, வெட்டி எறியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெட்டிவிடாதீர்கள்.

தண்ணீர், மழைக்கோட்டு, கட்டுச்சோறு என்று நாலைந்து கிலோதான் என்றால் அவர் சொல்வது சரி. கூடாரமும் சேர்ந்து பத்து கிலோ தாண்டினால் கதை வேறு. அந்தச் சுமையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பு தாங்க வேண்டும், தோள் அல்ல. பட்டை வயிற்றில் அல்ல, அந்த எலும்பின் மேல் விளிம்பைக் கவ்வி உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கிவிட்டு அப்புறம்தான் தோள் வாரை இழுக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டுப் பையைத் திட்டுகிறார்கள்.

அடுத்து, அளவு. பார்க்க வேண்டியது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துமே, அந்த எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்மட்டம் வரை தையல் டேப்பால் அளந்து பாருங்கள். நானும் என் தம்பியும் ஒரே உயரம்தான். ஆனால் அவன் பையை நான் மாட்டினால் பட்டை பிட்டத்துக்கு இறங்கிவிடுகிறது.

இன்னொன்று, பைக்குள் கம்பியோ பலகையோ இல்லாவிட்டால் பட்டை இருந்தும் பெரிய பயனில்லை. பை நடுவில் மடங்கி, பாரம் திரும்பத் தோளுக்கே வந்துவிடும். அப்படிப்பட்ட பைதான் கையில் இருக்கிறது என்றால், படுக்கும் நுரைப்பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகிவிட்டுக் கிளம்புங்கள்.