ஆஸ்பத்திரி சுவரில் இருப்பது விரிசல் அல்ல, வேண்டுமென்றே விட்ட இடைவெளி

"புது ஆஸ்பத்திரி, திறக்கறதுக்குள்ளயே மேலிருந்து கீழ வரைக்கும் பிளந்துடுச்சு, நடுவுல கம்பியே போடல" என்று கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. பிளக்கவில்லை. அது எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட், அதாவது கட்டடம் நீளவும் சுருங்கவும் விட்டுவைக்கும் இடைவெளி.

வெயிலில் கான்கிரீட் நீளும், குளிரில் சுருங்கும். 45 மீட்டர் நீளக் கட்டடம் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். 45 மீட்டரைத் தாண்டும் கட்டடங்களில் பொதுவாக இந்த இடைவெளி விடச் சொல்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கம்பி குறுக்கே போகாததும் அதற்காகத்தான். போனால் இரண்டு பகுதியும் தனித்தனியாக அசைய முடியாது.

படத்தையே உற்றுப் பாருங்கள். கோடு நூல் பிடித்தாற்போல் நேர், எல்லா மாடியிலும் ஒரே இடம், ஒரே அகலம், இருபுறமும் ஜோடித் தூண்கள். நிஜ விரிசல் பெரும்பாலும் ஜன்னல் மூலையில் கிளம்பிக் கோணல்மாணலாக ஓடும். ஓரிடத்தில் மயிரிழை, இன்னோரிடத்தில் விரல் நுழையும்.

அதற்காகக் கேள்வியே கேட்கக் கூடாது என்றில்லை. மொட்டை மாடியில் இடைவெளியை அடைத்த பொருள் பிய்ந்தால் மழைத்தண்ணீர் வார்டுக்குள் ஒழுகும். தரையில் இடைவெளியை மூடும் தகடு சரியாக உட்காராவிட்டால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் இடிக்கும். எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு அந்த ஒரு குலுக்கல் போதும். கிரானைட்டுக்குப் பேர்போன ஊருக்குச் சொல்லவா வேண்டும், இடைவெளியின் குறுக்கே ஒரே கல்லாகப் பதித்தால் கல்தான் உடையும். படம்பிடிக்கப் போனை எடுப்பவர்கள் இவற்றை எடுத்துப் பொதுப்பணித் துறைக்கு அனுப்பலாம்.