ஒன்றே முக்கால் அங்குலம்

(மும்பை, தாராவி. 90 அடி சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், எட்டுக்குப் பதினைந்து அடியில் ஒற்றை அறை வீடு. வேலையை விட்டு ஓய்ந்த கொத்தனாரான தாத்தாவும், பத்தாம் வகுப்புப் பேத்தி செல்வியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் பேசியதை எழுத்துநடைக்கு மாற்றியிருக்கிறேன். அப்படியே விட்டால் பாதி நெல்லைத் தமிழாகவும் பாதி மராட்டியாகவும் இருக்கும்.)

செல்வி: தாத்தா, சுவரிலிருந்து 5 அடி தள்ளி ஊன்றிய ஏணி, சுவரில் 12 அடி உயரத்தைத் தொடுகிறது என்றால், ஏணியின் நீளம் என்ன?

தாத்தா: பதின்மூன்று அடி. அடுத்த கணக்கைப் படி.

செல்வி: வெறும் விடையை எழுதினால், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதியதாகத்தான் ஆசிரியை நினைப்பார். படிகள் சரியாக இருந்தால், விடை இல்லாவிட்டாலும் மதிப்பெண் உண்டு.

தாத்தா: அஸ்திவாரத்தை மட்டும் போட்டுவிட்டு நான் கூலி கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? சரி, எழுதிக்கொள். பெரிய பக்கத்தை எட்டாகப் பங்கிட்டு ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டில் எட்டில் ஒரு பங்கு ஒன்றரை, அது போகப் பத்தரை, ஐந்தில் பாதி இரண்டரை, ஆகப் பதின்மூன்று. வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம்.

செல்வி: 3, 4 என்று வைத்தாலும் 5 சரியாக வருகிறதே!

(வரத்தான் செய்யும். 3-க்கு 4, 5-க்கு 12 என்ற இரண்டே விகிதங்களில்தான் இந்தப் பழைய வழி துல்லியமாக வரும் என்பது தாத்தாவுக்குத் தெரியாது.)

தாத்தா: மூலைமட்டம் இல்லாத நாளில் நூலைப் பிடித்து, இந்தக் கணக்கை வைத்துத்தான் செங்கோணம் பார்ப்பேன். இந்த வீட்டு மூலையும் அப்படி வைத்ததுதான். அப்படியிருந்தும், எட்டடிச் சுவரின் கோடி தன் பக்கம் ஒன்றே முக்கால் அங்குலம் ஏறியிருப்பதாகப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி இருபது வருடமாக நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார்.

செல்வி: 8-க்கும் 15-க்கும் கர்ணம் எவ்வளவு என்று நூல் பிடித்தீர்கள்?

தாத்தா: பதினைந்தில் எட்டில் ஒரு பங்கு ஒன்றே முக்காலே அரைக்கால், அதைத் தள்ளினால் பதின்மூன்றே அரைக்கால், நாலைச் சேர்த்தால் பதினேழே அரைக்கால் அடி. இம்மி பிசகாமல் அளந்தேன்.

செல்வி: 64-உம் 225-உம் சேர்ந்தால் 289, அதன் வர்க்கமூலம் சரியாக 17. அரைக்கால் அடியை, அதாவது ஒன்றரை அங்குலத்தைக் கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள், தாத்தா.

தாத்தா: (சற்று யோசித்து) ஒன்றரைதானே? அவர் சொல்வது ஒன்றே முக்கால். பார்த்தாயா, அவர் பேச்சு பொய்!

செல்வி: இருங்கள், ஒன்றரை என்பது கர்ணத்தில் வந்த பிழை. சுவரின் கோடி அண்ணாச்சி பக்கம் எக்ஸ் அடி தள்ளியிருப்பதாகக் கொள்வோம். சுவரின் நீளம் எட்டு அடியேதான். ஆகையால் எக்ஸின் வர்க்கமும், பதினைந்தடிச் சுவரிலிருந்து அந்தக் கோடிக்குள்ள செங்குத்துத் தூரத்தின் வர்க்கமும் சேர்ந்து 64 ஆகும். பதினைந்தடிச் சுவரின் திசையில் கர்ணத்தின் இரு முனைகளுக்கும் இடையே 15 கூட்டல் எக்ஸ் அடி. இதை வர்க்கமாக்கிச் செங்குத்துத் தூரத்தின் வர்க்கத்தையும் சேர்த்தால், எக்ஸின் வர்க்கம் 64-க்குள் அடங்கிவிட, 289 கூட்டல் 30 எக்ஸ் மட்டும் மிஞ்சும். உங்கள் நூலின் நீளமான 17.125-இன் வர்க்கம் ஏறத்தாழ 293.27. ஆக 30 எக்ஸ் என்பது 4.27, எக்ஸ் என்பது 0.142 அடி. பன்னிரண்டால் பெருக்கினால் 1.7 அங்குலம்.

தாத்தா: (குரலைத் தாழ்த்தி) ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவுதானே?

செல்வி: அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு குறைவு. அந்த அளவு அவர் பக்கத்துப் பூச்சில் போயிருக்கும்.

(சுவருக்கு அப்பால் அண்ணாச்சி இருமுகிறார்.)

தாத்தா: செல்வி, என் ராசாத்தி, விடை இல்லாவிட்டாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்று சொன்னாயல்லவா? படிகளையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி வரியை மட்டும் அழித்துவிடு.