மூன்று விஷயம் சொல்லு பார்ப்போம்

போன கிழமை சொந்தக்காரத் தங்கச்சி ஒருத்தி கேட்டாள், "அண்ணே, எங்கட புள்ள புத்தகத்தத் தொடுறானே இல்ல, ஏதும் நல்ல புத்தகம் இருந்தாச் சொல்லுங்க." பிள்ளை ஐந்தாம் ஆண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து சோற்றைத் தின்றதும் புலமைப்பரிசில் கிளாஸ், பின்னேரம் இன்னொரு கிளாஸ், சனி ஞாயிறு செமினார், இரவில் மாதிரி வினாத்தாள். சரி, அவன் எப்போது வாசிப்பான், கனவிலா? புத்தகம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிளாஸை நிற்பாட்டு என்றேன், அதோடு போனை வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. மகளை முதன்முதல் நூலகத்துக்குக் கூட்டிப்போனபோது கடல் உயிரினங்கள் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தவள் ஒரு மணித்தியாலம் அசையவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளிலேயே, "என்ன வாசிச்சாய், மூன்று விஷயம் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டால், "நான் வரல்லப்பா." நூலகத்தையும் ஒரு கிளாஸ் ஆக்கிவிட்டேன் என்பது விளங்கவே இரண்டு மாதம் போனது.

அப்புறம் ஒரு நாள் அவளாகவே கேட்டாள், எங்கட வாவிக்குள் பாடுவதாகச் சொல்லும் பாடும்மீன் உண்மையாகவே பாடுமா என்று. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த எனக்கே பதில் தெரியாது! பறுவம் அன்று, அதாவது முழுநிலா இரவில், மாமாவின் தோணியில் கல்லடிப் பழைய பாலத்துக்குக் கிட்டப் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு இருந்தோம். எனக்கு நுளம்புச் சத்தம்தான் கேட்டது, அவள் கேட்டது என்று சத்தியம் செய்கிறாள். "மீன் இல்ல புள்ள, ஊரிதான் கத்துது" என்றார் மாமா, ஊரி என்றால் ஓட்டுக்குள் வாழும் நீர் நத்தை. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதே வாவியில் இரவில் வள்ளத்தில் போய், நனைந்த விரலால் கண்ணாடிக் கிளாஸின் விளிம்பைத் தேய்த்தால் வருவது போல ஒரு நாதம் கேட்டதாக எழுதியிருக்கிறார், அவரும் சிப்பி வகை உயிர்களைத்தான் சந்தேகித்தார். "சந்தேகம் எண்டா, இன்னும் ஒருத்தருக்கும் தெரியாதா?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்கு எந்த வினாத்தாளிலும் புள்ளி இல்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எனக்குத் தெரிந்த பொடியன் ஒருவன் தமிழ்ப் பாடத்தில் 35 புள்ளி தாண்டமாட்டான், ஆனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிக்கொடுத்த வடமோடிக் கூத்தில் தன் பாட்டு முழுவதையும் தாளம் பிசகாமல் படிப்பான். அதைப் படிப்பு என்று அவன் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானப் பட்டதாரி. அவர்தான் பழந்தமிழரின் யாழைத் தேடி வருடக்கணக்காக உழைத்து 1947இல் யாழ்நூலைக் கொண்டுவந்தார், கணக்கும் இசையும் சிலப்பதிகாரமும் ஒன்றாகக் கிடக்கும் புத்தகம். அது எந்தப் பாடத்துக்குள் வரும்? கல்லடி உப்போடையில் அவர் சமாதிக்குப் பூ வைத்துவிட்டு, அதே கையோடு பிள்ளையை செமினாருக்கு ஏற்றிப் போகிறோம்.

மகள் இப்போது திரும்பவும் நூலகத்துக்கு வருகிறாள். நான் வெளியே தேத்தண்ணிக் கடையில் இருப்பேன், ஒன்றும் கேட்பதில்லை. அவள் தேடுவதோ அங்கே இல்லை. ஊரி, சங்கு, மட்டி பற்றித் தமிழில் பிள்ளைகள் வாசிக்கக்கூடிய புத்தகம் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். இரவல்தான், கட்டாயம் திருப்பித் தருவேன்.