கணக்கு இலவசம் என்பதால் சரியாகிவிடுமா?

கணினி விளையாட்டு ஆட, மோட் (விளையாடுகிறவர்களே செய்து விளையாட்டில் சேர்க்கும் மாற்றம்) போட ஒரு கணக்கு திறப்பதில் என்ன கஷ்டம், இலவசம்தானே என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கின பொருளுக்குச் சாவி இன்னொருவர் கையில் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். 2004-ல் ஹாஃப் லைஃப் 2-ஐ டிஸ்க்கில் வாங்கினாலும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் கணக்கு இல்லாமல் ஓடாது. மைன்கிராஃப்டில் இன்னும் மோசம், அதைச் செய்த மோஜாங் நிறுவனத்தின் பழைய கணக்கை 2023 செப்டம்பருக்குள் மைக்ரோசாஃப்டுக்கு மாற்றாதவர்களுக்கு வாங்கிய விளையாட்டே போச்சு. ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் ஆடவும் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று 2024 மே மாதம் சோனி சொன்னதை, ஆட்கள் திரண்டு எதிர்த்ததால்தான் சில நாளில் கைவிட்டார்கள்.

எங்கள் பென்னாகரம் பக்கம் மலையோர ஊர்களில் சிக்னல் வந்து வந்து போகும். ஜிஓஜி (GOG) என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால் இன்ஸ்டாலரை ஒரு தடவை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாத வீட்டிலும் ஓடும், அதைத்தான் இங்கே பசங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் மோட் என்று வந்தால் அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், யாரோ தூக்கம் கெட்டு சம்பளம் இல்லாமல் செய்தது ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் (ஸ்டீமில் மோட் பகிரும் பகுதி) மட்டும் கிடந்தால், அதே விளையாட்டை வேறு கடையில் வாங்கினவனுக்கு நேராகக் கிடைக்காது. மோட் செய்கிறவர்கள் தயவுசெய்து ஒரு ஜிப் கோப்பாக வெளியிலும் போட்டு வையுங்கள்.