நிலாவும் அதே மண்டலத்தில்தான் இருக்கிறது

"இன்னொரு பூமி கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நிலாதான். 'வாழத்தகு மண்டலம்' என்கிறார்களே, விண்மீனிலிருந்து ரொம்பக் கிட்டவும் இல்லாமல் ரொம்பத் தள்ளியும் இல்லாமல், தரையில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கக்கூடிய தூரம், அந்தக் கணக்குப்படி நிலாவும் நம்மோடுதான் இருக்கிறது. சூரியனிலிருந்து நமக்குள்ள தூரம்தான் அதற்கும். நமக்கு விழும் வெயில்தான் அதற்கும். ஆனால் அங்கே பகலில் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130க்கும் கீழே. புல் பூண்டு கிடையாது. தூரம் மட்டும் போதும் என்றால் இந்நேரம் நிலாவில் தவளை கத்த வேண்டும்.

2025 ஏப்ரலில் வந்த கே2-18பி செய்தி இன்னமும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறை புதுசு போல வந்து விழுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு. செய்தி என்ன? 124 ஒளியாண்டு தள்ளி ஒரு சிவப்புக் குள்ள விண்மீன். அதை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒரு கோள். பூமியைவிட 8 மடங்குக்கு மேல் நிறை, 2.6 மடங்கு குறுக்களவு. கேம்பிரிட்ஜில் இருக்கும் நிக்கு மதுசூதனின் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வழியாக அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடயம் தெரிவதாக அறிவித்தது. நம் பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலில் மிதக்கும் நுண்ணுயிரிகள். ஆகவே அங்கேயும் கடல், அங்கேயும் உயிர் என்று செய்தி பறந்தது.

அந்த அறிவிப்பின் உறுதி மூன்று சிக்மா அளவுதான். (ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று சொல்லும் அளவுகோல்தான் சிக்மா. எண் கூடினால் உறுதியும் கூடும்.) ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாக ஐந்து கேட்பார்கள். அதே தரவை வேறு குழுக்கள் அலசிப் பார்த்து, அப்படி எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்றன. போதாக்குறைக்கு, இதே வாயு 67பி என்ற வால்மீனிலும் இருப்பது 2024இலேயே தெரிந்துவிட்டது. வால்மீனில் எந்த உயிர் இருந்து அதை உண்டாக்கியது? மதுசூதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் நிறையச் சரிபார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். தலைப்பு போட்டவர்களுக்குத்தான் அது காதில் விழவில்லை. (அங்கே போக எத்தனை நாள் ஆகும் என்று தம்பி முறையுள்ள ஒருவன் கேட்டான். வாயேஜர் 1 போகிற வேகத்தில் போனால் 20 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பு என்றேன்.)

என் வருத்தம் அந்த ஒரு செய்தியோடு முடியவில்லை. தூரம் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும் என்ற நினைப்பு நம் எல்லோர் மனத்திலும் ஊறிப்போயிருக்கிறது. என்னைக் கேட்டால் தூரம் என்பது நுழைவுச் சீட்டு மட்டும்தான். தன் கரியமில வாயுவை ஒரு கோள் எப்படி வாங்குகிறது, எப்படித் திருப்பி விடுகிறது என்பதில்தான் அதன் தலையெழுத்தே இருக்கிறது.

அதற்குச் சாட்சி வெள்ளி. பூமியின் குறுக்களவில் 95 சதவீதம், நிறையில் 81 சதவீதம். நம் தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால் அதன் தூரம் 0.72. வெளியிலிருந்து பார்க்கும் எவரும் இரண்டையும் அக்கா தங்கை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதன் தரையில் வெப்பம் 460 டிகிரிக்கு மேல். ஈயம் உருகிவிடும். காற்றழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கும் அதிகம், அதாவது நம் கடலில் 900 மீட்டர் ஆழத்தில் நிற்பது போல. சோவியத் அனுப்பிய வெனேரா 13, 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்யப்பட்ட கலம், 1982இல் அங்கே இறங்கி 127 நிமிடம் தாக்குப்பிடித்துப் படம் அனுப்பியது. அதற்கே கைதட்ட வேண்டும். பின்னாலேயே போன வெனேரா 14க்கு வேறு சோதனை. கேமராவிலிருந்து கழன்று விழுந்த மூடி, மண்ணை அழுத்திப் பார்க்க நீண்ட கைக்கு நேர் கீழே போய்க் கிடந்தது. வெள்ளி வரைக்கும் போய் நம் மூடியையே அழுத்திப் பார்த்துவிட்டு வந்தோம்.

வெள்ளியின் காற்றில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. நம் காற்றில் அது 0.04 சதவீதம் சொச்சம். இதைப் பார்த்தவுடன், நமக்குக் கார்பன் குறைவாகவும் வெள்ளிக்கு அள்ளிக் கொட்டியும் கிடைத்திருக்கிறது என்று தோன்றும். அதுதான் இல்லை. இரண்டு கோள்களிடமும் ஏறக்குறைய அதே அளவு கார்பன்தான். வெள்ளியில் அது காற்றில் இருக்கிறது. நம்மிடம் கல்லில் இருக்கிறது.

அந்தக் கல்லைப் பார்க்க எங்கேயும் தேடிப் போக வேண்டாம். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டுகிறார்களே, அதே சுண்ணாம்புக்கல்தான். டைனோசர் காலத்தில் அந்த நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சில துண்டுகளில் சிப்பியின் வரிகள்கூட அப்படியே தெரியும். ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் பொடியாக்கி அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். சுர்ரென்று நுரைக்கும். அந்தக் குமிழிக்குள் இருப்பது கரியமில வாயு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் காற்றில் அலைந்து, மழையில் கரைந்து, ஆற்றோடு போய், ஏதோ ஒரு சிப்பியின் ஓடாகி, அப்படியே அடங்கிப்போன வாயு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு நீற்றிய காலத்திலிருந்து நாம் செய்துவருவது இதைத்தான். உலகம் முழுக்க இருக்கிற சுண்ணாம்புக்கல்லை எல்லாம் இப்படிச் சுட்டுவிட்டால் நம் வானமும் வெள்ளியின் வானம் மாதிரி ஆகிவிடும்.

கல்லுக்குள் அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, லேசான அமிலமாகத்தான் தரையில் விழுகிறது. அந்த அமிலம் எரிமலைப் பாறை, கருங்கல் போன்ற சிலிக்கேட் பாறைகளை மெல்ல மெல்ல அரிக்கிறது. அரித்ததில் வெளிவரும் கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போகிறது. அங்கே சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதைக் கார்பனோடு சேர்த்து ஓடாகக் கட்டுகின்றன. அவை செத்து அடியில் படிந்து கல்லாகின்றன. கடலடித் தட்டு நகர்ந்து நகர்ந்து, கண்டத்துக்கு அடியில் நுழைந்து, ஆழத்தில் வெந்து, எரிமலை வழியே வாயுவாகத் திரும்ப மேலே வருகிறது. இந்த ஒரு சுற்றுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர் அதை எடுத்துக் காட்டினார்கள். பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாக அரிபடும், கரியமில வாயு அதிகமாக உறிஞ்சப்படும், பூமி குளிரும். குளிர்ந்தால் மழை குறையும், அரிப்பு மந்தமாகும், ஆனால் எரிமலை மட்டும் கக்கிக்கொண்டே இருக்கும், வாயு சேரும், மறுபடி சூடாகும். நம் வீட்டு ஆட்டோமேட்டிக் அயர்ன் பாக்ஸ் செய்கிற வேலைதான். சூடு ஏறினால் அணையும், ஆறினால் மறுபடி எரியும்.

இது இல்லாவிட்டால் நம் கதை எப்போதோ முடிந்திருக்கும். 400 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் சூரியன் இப்போதைவிட சுமார் 30 சதவீதம் மங்கலாக இருந்தது. அந்த வெயிலில் பூமி உறைந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்துப் பாறைகளைப் பார்த்தால் தண்ணீர் ஓடிய அடையாளம் இருக்கிறது. கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் 1972இல் கிளப்பிய புதிர் இது. விடை முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பங்கு இந்தக் கார்பன் சுற்றுக்கும் அதோடு சேர்ந்த பசுங்குடில் வாயுக்களுக்கும்தான்.

ஒருமுறை நிஜமாகவே உறைந்தும் போனோம். சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், நிலநடுக்கோடு வரைக்கும் பனி. அந்த உறைவு 5 கோடி ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அடித்துவிடும் என்பதால், சூரியனை மட்டும் நம்பியிருந்தால் அதிலிருந்து மீண்டே இருக்க முடியாது. மீட்டது எரிமலைகள். மழை இல்லை, அரிப்பு இல்லை, உறிஞ்ச ஆள் இல்லை. எரிமலைகள் கக்கியது எல்லாம் காற்றிலேயே சேர்ந்து, ஒரு கட்டத்தில் பனி உருகிவிட்டது. அந்த உறைவின் அடையாளங்களுக்கு நேர் மேலேயே உலகின் பல இடங்களில் தடிமனான கார்பனேட் பாறை அடுக்கு படிந்திருக்கிறது. சேர்ந்த வாயு மறுபடி கல்லுக்குள் போனதற்கு அதுதான் சாட்சி.

"அப்படியானால் நாம் எவ்வளவு புகை விட்டாலும் பூமியே சரிசெய்துகொள்ளுமே" என்று கருத்துப் பெட்டியில் ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். சரிசெய்யும், லட்சக்கணக்கான ஆண்டுகளில். உங்கள் பேரனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்டின் பங்கு மட்டும் சுமார் 7, 8 சதவீதம். கடல் யுகக்கணக்கில் பூட்டி வைத்ததை நாம் ஒரு ஷிப்டில் திறந்துவிடுகிறோம்.

சரி, வெள்ளிக்கு ஏன் இது வாய்க்கவில்லை? தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் பாறை அரிபடாது, வாயு கல்லாகாது. ஒரு காலத்தில் இருந்த தண்ணீர் நீராவியாகி மேலே போய், புற ஊதா ஒளியில் உடைந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட்டது. ஹைட்ரஜனிலேயே எடை கூடிய வகையான டியூட்டீரியம் அவ்வளவு எளிதாகத் தப்பாது, தங்கிவிடும். வெள்ளியில் ஹைட்ரஜனோடு ஒப்பிடும்போது டியூட்டீரியத்தின் விகிதம் பூமியில் இருப்பதைப் போல 100 மடங்குக்கு மேல். தண்ணீர் போன வழி அதில் தெரிகிறது. அந்தத் தண்ணீர் எப்போதாவது கடலாக நின்றதா, இல்லை தொடக்கத்திலிருந்தே நீராவியாகவே இருந்துவிட்டதா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. நாசாவின் மைக்கேல் வே, நீண்ட காலம் கடல் இருந்திருக்கலாம் என்கிறார். மார்ட்டின் டர்பே குழுவின் 2021 கணக்கு, மழையாக விழ அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்கிறது.

நம் நிலைமையும் ரொம்பப் பத்திரம் இல்லை. ரவிகுமார் கொப்பரபுவும் கூட்டாளிகளும் 2013இல் போட்ட கணக்கில் வாழத்தகு மண்டலத்தின் உள்விளிம்பு 0.99. நாம் நிற்பது 1. வாசற்படியில்தான் குடியிருக்கிறோம்.

செவ்வாய் இதற்கு நேரெதிர். 1.52 தூரத்தில், மண்டலத்துக்குள் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. கேல் பள்ளத்தில் ஏரி இருந்ததை கியூரியாசிட்டி ஊர்தி காட்டிவிட்டது. ஆனால் நிறை பூமியில் பத்தில் ஒரு பங்குதான். சின்ன உடம்பு, சீக்கிரம் ஆறிவிட்டது. உள்சூடு போனதும் எரிமலை அடங்கியது, போன வாயுவை ஈடுகட்ட ஆளில்லை. இன்று அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. காந்தப்புலம் போனதால்தான் காற்று போயிற்று என்று யூடியூப் காணொளிகள் ஒரே போடாகப் போடும். அதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால் அது ஒன்றே காரணம் என்றால், தனக்கென்று காந்தப்புலமே இல்லாத வெள்ளி அவ்வளவு காற்றை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது?

மண்டலத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சனியின் துணைக்கோள் என்செலடஸ், குறுக்களவு 500 கிலோமீட்டர்தான், வெயில் என்று ஒன்று பேருக்குத்தான் விழுகிறது. ஆனால் சனி இழுத்து இழுத்துப் பிசைவதால் அதன் உள்ளே சூடு, பனிக்கு அடியில் கடல். அந்தக் கடல் நீர் பீய்ச்சியடிப்பதை கசினி கலம் 2005இல் பார்த்தது. அதில் ஹைட்ரஜன் இருப்பது 2017இலும் பாஸ்பேட் இருப்பது 2023இலும் தெரிந்தது. உயிர் இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் கே2-18பியில் தேடுவதைவிட இங்கே தேடுவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். இது போய்ச் சேரக்கூடிய தூரம்.

அதைவிடவும் எனக்கு ஆவல் வெள்ளியின் மேல்தான். மெகல்லன் கலம் 1991இல் எடுத்த ரேடார் படங்களை 2023இல் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாட் மோன்ஸ் எரிமலைப் பக்கத்தில் ஒரு வாய் எட்டு மாதத்துக்குள் உருமாறிப் பெரிதாகியிருந்தது. ஆக, அங்கே கக்குவதற்கு எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது, வாங்கிக்கொள்ளக் கடல்தான் இல்லை. வெள்ளியைச் சுற்றி ஆராய இஸ்ரோ அனுப்பவிருக்கும் நம் சுக்ரயானுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கி, 2028 மார்ச்சைக் குறித்திருக்கிறது. அது சொன்ன தேதியில் கிளம்ப வேண்டும். அப்படியே அந்த மாட் மோன்ஸ் பக்கம் ரேடாரைத் திருப்பி, அந்த வாய் இந்த 37 வருஷத்தில் என்ன ஆகியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துச் சொல்ல வேண்டும்.